ஐஸ்கிரீம் கண்காணிப்பு தொழிற்சாலை வாசலோடு நின்றுவிடக் கூடாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐஸ்கிரீம் மீதான சரக்கு மற்றும் சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது வரவேற்கத்தக்கதே. அந்த வரி அட்டவணையில், பாலில் செய்த ஐஸ்கிரீமும், பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவர எண்ணெய் சேர்த்துச் செய்யப்படும் ஃப்ரோசன் டெசர்ட்டும், குச்சி ஐஸும் 2105 என்ற ஒரே தலைப்பின் கீழ் வருகின்றன. வரி வசூலிப்பவருக்கு அது வசதியாக இருக்கலாம். ஆனால் கன்னியாகுமரி கடற்கரையிலும், திற்பரப்பு அருவிக்கரையிலும், நாகர்கோவில் கடைவீதியிலும் காசு கொடுத்து வாங்கிச் சாப்பிடுகிறவருக்கும் எல்லாம் ஒன்றாகவே காட்டப்படுகிறது. எது பாலில் ஆனது, எது எண்ணெயில் ஆனது, எந்த ஃப்ரீசரில் எத்தனை டிகிரியில் கிடந்தது என்பதையெல்லாம் அவர் தெரிந்துகொள்ள வழியே இல்லை. பால் பண்ணை ஒன்றின் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், இது குறித்துச் சில செய்திகளைத் தங்கள் நாளிதழ் வாயிலாக மாவட்ட நிர்வாகத்தின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின் கீழ் 2011-இல் நடைமுறைக்கு வந்த ஒழுங்குமுறைகள், எதை ஐஸ்கிரீம் என்று விற்கலாம் என்பதைத் தெளிவாகவே வரையறுத்திருக்கின்றன. வழக்கமான ஐஸ்கிரீமில் பால் கொழுப்பு 10 சதவீதத்துக்கும், பால் புரதம் 3.5 சதவீதத்துக்கும், மொத்தத் திடப்பொருள் 36 சதவீதத்துக்கும் குறையக் கூடாது. ஒரு லிட்டரின் எடை 525 கிராமுக்குக் குறையக் கூடாது. கொழுப்பைக் குறைத்துச் செய்யும் வகைகளுக்குத் தனி அளவுகள் உண்டு. சாக்கோபார் போன்றவற்றில் மேலே பூசப்படும் சாக்லேட் உறையை விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் ஐஸ்கிரீம் பகுதி மட்டும் இந்த அளவுகளுக்கு உட்பட்டால் போதும் என்று விதி சொல்கிறது. ஃப்ரோசன் டெசர்ட்டுக்கும் புரதம், திடப்பொருள், எடை ஆகியவை வழக்கமான ஐஸ்கிரீமுக்கு உள்ளவையேதான். கொழுப்பும் 10 சதவீதம் இருக்க வேண்டும். ஆனால் அது பாலிலிருந்துதான் வர வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. பாமாயிலாக இருக்கலாம், தேங்காய் எண்ணெயாக இருக்கலாம். எது சேர்ந்திருக்கிறது என்பதை உறையின் மேல் அறிவிக்க வேண்டும் என்பது நிபந்தனை.

ஃப்ரோசன் டெசர்ட் என்பது கலப்படப் பொருள் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2017-இல் அமுல் நிறுவனம், ஃப்ரோசன் டெசர்ட்டில் வனஸ்பதி இருப்பதாகச் சொல்லும் விளம்பரத்தை ஒளிபரப்பியபோது, ஃப்ரோசன் டெசர்ட் தயாரித்து வந்த இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனம் பம்பாய் உயர் நீதிமன்றத்தை அணுகி அந்த விளம்பரத்துக்குத் தடை பெற்றது பலருக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகு எண்ணெய், கொழுப்புப் பண்டங்களில், வனஸ்பதி போன்றவற்றில் உண்டாகி இதயத்துக்குக் கெடுதல் செய்யும் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்ற வரம்பும் 2022 ஜனவரியில் வந்துவிட்டது. அவியலிலும் மீன் குழம்பிலும் தேங்காய் எண்ணெய் இல்லாமல் சாப்பிட்டுப் பழகாத நம் மாவட்டத்துக்காரர்களுக்குத் தாவர எண்ணெய் மீது பகை எதுவும் இருக்க நியாயமில்லை. பால் கொழுப்பின் விலையில் ஒரு சிறு பங்குக்கு வாங்கக்கூடிய எண்ணெயைச் சேர்த்துச் செய்த பொருளை, பால் ஐஸ்கிரீம் என்று நம்பவைத்து அதே விலைக்கு விற்பதைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன்.

இதில் பால் ஊற்றும் விவசாயியின் நிலையையும் பார்க்க வேண்டும். தோவாளையிலோ திருவட்டாறிலோ ஒருவர் இரண்டு மாடு வைத்துக்கொண்டு காலையில் சங்கத்துக்குப் பால் கொண்டுவந்தால், அந்தப் பாலின் கொழுப்பும் இதர திடப்பொருளும் அளக்கப்பட்ட பிறகுதான் அவருக்கு விலை. பசும்பாலில் கொழுப்பு 3.2 சதவீதமும் இதர திடப்பொருள் 8.3 சதவீதமும் இருக்க வேண்டும் என்பது தரம். ஒரு புள்ளி குறைந்தாலும் அவருடைய கணக்கில் ரூபாய் குறைகிறது. மாடு சினையாக இருந்தது, மழையில் பசும்புல் மட்டும் தின்றது என்றெல்லாம் அவர் சொல்லும் காரணத்தை யாரும் கேட்பதில்லை. என் பணிக்காலம் முழுவதும் கண்ணாடிக் குழாயில் அமிலத்தை ஊற்றிச் சுழலவிட்டு, மேலே மஞ்சளாகத் திரளும் கொழுப்பின் உயரத்தைப் படித்துச் சொல்வதே என் வேலை; அந்த எண்ணை வைத்துத்தான் விவசாயியின் வாரப் பணம். உற்பத்தி செய்கிறவரிடம் இவ்வளவு கறாராக இருக்கும் நாம், அதே கொழுப்பின் பெயரைச் சொல்லிப் பணம் வாங்குகிறவரிடம் எந்தக் கணக்கும் கேட்பதில்லை.

உறையின் மேல் அறிவிப்பு இருக்கிறதே என்று கேட்கலாம். பெரிய நிறுவனங்களின் உறைகளில் இருக்கிறது. ஐஸ்கிரீம் கோப்பை ஒன்றைக் கையில் எடுத்துக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். மூடியில் பழத்தின் படமும் வழிந்தோடும் வெள்ளைப் பாகும் இருக்கும். தாவர எண்ணெய் கொண்டது என்ற வாசகம், பனி படர்ந்த பக்கவாட்டில், விரலால் துடைத்தால்தான் தெரிகிற அளவில் ஆங்கிலத்தில் இருக்கும். லேபிள் விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும், மற்ற மொழிகளைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்பதுதான் விதி. ஆகவே தமிழில் அச்சிடாத நிறுவனத்தைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் கோப்பையாக வாங்குகிறவருக்காவது படித்துப் பார்க்க ஏதோ ஒன்று இருக்கிறது. பார்லரில் கரண்டியால் அள்ளிக் கொடுப்பதை வாங்குகிறவருக்கு அதுவும் இல்லை. பெரிய டப்பா கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. மூடி எங்கேயோ இருக்கிறது. வெளியே ஒளிரும் பலகையில் ‘ஐஸ்கிரீம்’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. எங்கள் பகுதியிலுள்ள ஒரு கடையில் இது ஐஸ்கிரீமா, ஃப்ரோசன் டெசர்ட்டா என்று கேட்டேன். அங்கே நின்ற பையன், “எல்லாம் ஒண்ணுதான் சார், டேஸ்ட்டு நல்லாருக்கும்” என்றான். அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

கல்யாண மண்டபங்களில் நிலைமை இன்னும் மோசம். போளியும் பால் பாயசமும் முடிந்து கடைசியாக இலைக்கு ஒரு கோப்பை ஐஸ்கிரீம் வைப்பது இப்போது ஏறக்குறைய எல்லாப் பந்தியிலும் வழக்கமாகிவிட்டது. சமையல் ஒப்பந்தக்காரர் மூலமாக வரும் அந்தப் பெரிய டப்பாக்களில் தயாரித்தவர் பெயரோ தேதியோ உரிம எண்ணோ இல்லாமல் பல தடவை பார்த்திருக்கிறேன். காலையில் வந்திறங்கியவை தெர்மாகோல் பெட்டியில் மூன்றாம் பந்தி வரை காத்திருக்கின்றன. ஆயிரம் பேர் சாப்பிடும் இடத்தில் ஒரு டப்பாவில் கோளாறு என்றால் அது எங்கிருந்து வந்தது என்று தேடிப் பிடிக்கவும் அடையாளம் இருக்காது.

எடையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஐஸ்கிரீம் கலவை ஒரு லிட்டர் ஏறத்தாழ 1,100 கிராம் இருக்கும். உறையவைக்கும்போதே அதைக் கடைந்து காற்றைச் சேர்க்கிறார்கள். தொழிலில் இதை ஓவர்ரன் என்பார்கள். காற்று இல்லாவிட்டால் ஐஸ்கிரீம் கல்லாகிவிடும் என்பதால் இது தேவையானதே. ஒரு லிட்டர் கலவையை இரண்டு லிட்டராக உப்பவைத்தால் லிட்டருக்கு 550 கிராம் வரும். அதற்குச் சற்றுக் கீழேதான் 525 கிராம் என்று சட்டம் கோடு கிழித்திருக்கிறது. நம்மிடம் விற்கப்படும் பெட்டிகளில் பெரும்பாலும் மில்லிலிட்டர் கணக்குதான் பெரிதாக அச்சிடப்பட்டிருப்பதால், இந்தக் கோட்டை யார் தாண்டினார்கள் என்று வாங்குகிறவருக்குத் தெரிவதில்லை. வீட்டில் சமையலுக்கு வைத்திருக்கும் எலக்ட்ரானிக் தராசில் ஒரு லிட்டர் பெட்டியை வைத்து, காலிப் பெட்டியின் எடையைக் கழித்துப் பாருங்கள். ஒரு நிமிட வேலை. முத்திரையிட்ட தராசில் இதையே செய்து வழக்குப் பதிவு செய்வது, எடையளவுக்கென்றே ஒரு துறையை வைத்திருக்கும் அரசுக்குப் பெரிய காரியமாக இருக்க முடியாது.

இவையெல்லாம் பணம் சார்ந்த குறைகள். உடல்நலம் சார்ந்த குறை, பொருள் தொழிற்சாலையை விட்டு வெளியேறிய பிறகே பெரும்பாலும் தொடங்குகிறது. கண்காணிப்பு மிகவும் பலவீனமாக இருப்பதும் அங்கேதான். ஐஸ்கிரீமைச் சேமிக்க வேண்டிய வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 18 டிகிரி. பெட்டிக்கடை, பேக்கரி, பழச்சாறுக் கடை என்று எங்கு பார்த்தாலும் நிற்கும் ஃப்ரீசர்களில் பல, ஐஸ்கிரீம் நிறுவனங்களே தங்கள் பெயரை ஒட்டி இலவசமாகக் கொடுத்தவை. ஃப்ரீசர் நிறுவனத்துடையது, மின் கட்டணம் கடைக்காரருடையது. வணிகக் கட்டணத்தில் மின்சாரம் வாங்கும் சின்னக் கடைக்காரருக்கு ஒரு கோப்பைக்குக் கிடைக்கும் கமிஷன் மிகச் சொற்பம். ஆகவே, ராத்திரி கடை சாத்தும்போது ஃப்ரீசரையும் அணைத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ‘மூடி வச்சா காலம்பற வரைக்கும் தாங்கும்’ என்பது அவர்கள் கணக்கு. பகலிலும் அதே ஃப்ரீசருக்குள் தண்ணீர் பாட்டில்களும் பால் பாக்கெட்டுகளும் சோடாவும் திணிக்கப்படுகின்றன. உள்சுவரில் இதற்கு மேல் பொருள் வைக்கக் கூடாது என்று குறித்திருக்கும் கோட்டுக்கு மேலே கோப்பைகள் குவிந்து கிடக்கும். அந்த மேல்வரிசைக்குக் குளிர் போதுமான அளவில் எட்டுவதே இல்லை.

இளகி மறுபடி உறைந்த ஐஸ்கிரீமைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. மூடியைத் திறந்தால் உள்பக்கம் பனித்தூள் கெட்டியாகப் படிந்திருக்கும். ஐஸ்கிரீம் கோப்பையின் விளிம்பை விட்டு விலகிச் சுருங்கி நடுவில் குழிந்திருக்கும். நாக்கில் வைத்தால் மணல் போல் நறநறவென்று பனிக்கட்டி தட்டுப்படும். உறைநிலையில் கிருமிகள் சாவதில்லை. பெருகாமல் அடங்கியிருக்கும், அவ்வளவுதான். இளகும்போது பாலும் சர்க்கரையும் அவற்றுக்குத் தீனியாகின்றன. இளகி உறைவது திரும்பத் திரும்ப நடக்க நடக்க, எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது. லிஸ்டீரியா என்ற கிருமி வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் வெப்பநிலையிலேயே வளரக்கூடியது. கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் உயிருக்கே ஆபத்தானது.

நம் மாவட்டத்தில் மின்தடையையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் அடித்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அது போன்ற பேரிடர்க் காலத்தில் கடைகளில் உருகிப்போன சரக்கை என்ன செய்ய வேண்டும், நிறுவனம் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டுமா, நட்டம் யாருடையது என்பதற்குத் தெளிவான ஏற்பாடு கடைக்காரரின் கையில் இல்லை. நட்டம் தன் தலையில்தான் விழும் என்று தெரிந்த ஒருவர், மின்சாரம் வந்ததும் மறுபடி உறையவைத்து விற்கத்தான் பார்ப்பார். இதற்கு அவரை மட்டும் குற்றவாளியாக்கிப் பயனில்லை.

பெரிய நிறுவனமானால் கவலை இல்லை, சின்னவர்களைப் பிடித்தால் போதும் என்ற எண்ணமும் சரியல்ல. 1994-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு பெரிய ஐஸ்கிரீம் நிறுவனத்துக்கு, முறையாகச் சூடாக்கிய கலவை டேங்கர் லாரிகளில் வந்தது. அதே லாரிகளில் அதற்கு முன்பு பச்சை முட்டைக் கரைசல் ஏற்றப்பட்டிருந்தது. கலவையை மீண்டும் ஒருமுறை சூடாக்காமல் பயன்படுத்தியதால் சால்மொனெல்லா என்ற கிருமி பரவி, நாடு முழுவதும் ஏறக்குறைய 2,24,000 பேர் நோயுற்றதாக மதிப்பிடப்பட்டது. அதே நாட்டின் புளூ பெல் நிறுவன ஐஸ்கிரீமில் லிஸ்டீரியா புகுந்திருந்தது 2015-இல் தெரியவந்தது. அதனால் 10 பேர் நோயுற்றிருந்தனர். அவர்களில் கான்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த 3 பேர் இறந்தனர். பிரிட்டனில் இதற்கு வெகு காலம் முன்பே, 1946-இல் வேல்ஸ் கடற்கரை ஊரான அபெரிஸ்ட்வித்தில், டைபாய்டு கிருமியைத் தன்னையறியாமல் சுமந்துகொண்டிருந்த ஓர் ஐஸ்கிரீம் வியாபாரியால் 200-க்கும் மேற்பட்டோருக்குக் காய்ச்சல் பரவியது. அடுத்த ஆண்டே ஐஸ்கிரீம் கலவையைக் கட்டாயம் சூடாக்க வேண்டும் என்ற விதி அங்கே வந்தது. சுற்றுலாப் பயணிகளும் திருவிழாக் கூட்டமும் வந்து போகும் ஒரு கடற்கரை மாவட்டம் இந்த நிகழ்விலிருந்து கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. வந்தவர்கள் ஊர் திரும்பிய பிறகு காய்ச்சல் கண்டால், அது நம் ஊர் ஐஸ்கிரீமால் என்று எந்த மருத்துவமனையும் நமக்கு எழுதி அனுப்பப் போவதில்லை.

சிறு தயாரிப்பாளர்களைப் பற்றி எழுதும்போது எனக்குச் சற்றுத் தயக்கம் உண்டு. குச்சி ஐஸ், பால் ஐஸ், சேமியா ஐஸ், சாயங்காலம் மணியடித்துக்கொண்டு வரும் குல்பி வண்டி ஆகியவற்றை நம்பிப் பல குடும்பங்கள் பிழைக்கின்றன. அதிலும் குல்பி செய்கிறவர் பாலைச் சுண்டக் காய்ச்சுவதால், அந்தக் கட்டத்தில் அவருடைய சரக்கு பல நவீன தயாரிப்புகளைவிடப் பத்திரமானது. கெடுவது பிறகு, அச்சில் ஊற்றும்போதும், அச்சைக் கழுவும் தண்ணீரிலும், உப்புத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தும்போது துருப்பிடித்த அச்சு ஒழுகுவதாலும்தான். பால் பவுடரையும் எண்ணெயையும், கலவையைக் கெட்டியாக்கவும் எண்ணெய் பிரியாமல் கலக்கவும் சேர்க்கும் சி.எம்.சி., ஜி.எம்.எஸ். பொடிகளையும் மிக்சியில் அடித்து நேரே ஃப்ரீசரில் வைக்கும் வீட்டுத் தயாரிப்பில்தான் ஆபத்து அதிகம். பாலை 63 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தால் போதும் என்றாலும், ஐஸ்கிரீம் கலவையில் சர்க்கரையும் கொழுப்பும் கிருமிகளுக்குக் கவசமாகிவிடுவதால், 68.5 டிகிரியில் அரை மணி நேரமோ, 80 டிகிரியில் 25 விநாடியோ சூடாக்க வேண்டும். இதற்கு ஒரு நல்ல தெர்மாமீட்டரும் அடிகனமான பாத்திரமும் இருந்தாலே தொடங்கிவிடலாம். ஆனால் இந்த எண்களை அவர்களுக்குச் சொல்ல ஆள் வேண்டும். குறு உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்களை முறைப்படுத்துவதற்காக 2020-இல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில், தகுதியுள்ள திட்டச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை கடனோடு இணைந்த மானியம் அறிவிக்கப்பட்டது. நாகர்கோவில் கோணம் பகுதியில் உள்ள மாவட்டத் தொழில் மையம் இத்தகைய உதவியோடு சேர்த்து, சூடாக்கும் முறைக்கும் ஒரு நாள் பயிற்சி கொடுக்கலாம்.

இங்கே மத்திய அரசின் ஒரு முரண்பாட்டையும் சுட்டிக்காட்ட வேண்டும். சிறு தொழில் செய்கிறவர்கள் எளிய முறையில் வரி கட்டுவதற்கான காம்போசிஷன் திட்டத்திலிருந்து, பான் மசாலா, புகையிலைத் தயாரிப்பாளர்களோடு ஐஸ்கிரீம் தயாரிப்பாளர்களையும் விலக்கி வைத்திருக்கிறார்கள். வரியே 5 சதவீதமாகிவிட்ட பிறகு இதற்கு என்ன நியாயம் இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. பில் போட்டால் சிக்கல் என்று நினைக்கும் சிறு தயாரிப்பாளர், பதிவெண்ணும் லேபிளும் இல்லாமலே இருந்துவிடுவது மேல் என்று முடிவு செய்கிறார்.

திருவிழாக் கடைகள் தனி ரகம். மண்டைக்காடு மாசிக் கொடை, சுசீந்திரம் மார்கழித் தேரோட்டம், கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழா என்று கூட்டம் சேரும் இடங்களுக்கு வெளியூர் வண்டிகள் வந்து குவிகின்றன. களியக்காவிளை வழியாகக் கேரளத்திலிருந்தும் சரக்கு வருகிறது. டப்பாக்களைச் சுற்றிக் கட்டி ஐஸை உடைத்து உப்புப் போட்டு அடைக்கிறார்கள். அந்தக் கட்டி ஐஸ் குடிக்கத் தகுந்த தண்ணீரில் செய்ததா, மீனுக்கென்று செய்ததா என்பது யாருக்கும் தெரியாது. உண்ணத் தகாத ஐஸை நீல நிறம் சேர்த்து வேறுபடுத்திக் காட்ட வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-லேயே அறிவுறுத்தியது. குளச்சல், தேங்காய்ப்பட்டணம், சின்னமுட்டம் என்று மீன்பிடித் துறைமுகங்களும் அவற்றை ஒட்டிய ஐஸ் பிளான்ட்டுகளும் உள்ள நம் மாவட்டத்துக்கு இது மிகவும் பொருந்துகிற உத்தரவு. நான் பார்த்தவரை வண்டிகளில் இறங்கும் கட்டி ஐஸ் வெள்ளையாகவே இருக்கிறது.

அலுவலர்கள் ஒன்றுமே செய்வதில்லை என்று எழுதினால் அது அநியாயம். 2024 பிப்ரவரியில் ரோடமின் பி என்ற சாயம் கலந்த பஞ்சுமிட்டாய்க்குத் தமிழக அரசு தடை விதித்தபோது, சில நாள்களிலேயே கடற்கரைகளில் அது காணாமல் போனதைப் பார்த்தோம். ஆனால் நிறத்தைக் கண்ணால் பார்த்துச் சந்தேகப்படலாம். கொழுப்பையும் கிருமியையும் அப்படிப் பார்க்க முடியாது. மாதிரியை நான்கு பங்காகப் பிரித்து முத்திரையிட்டு, நாகர்கோவிலிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில் பாளையங்கோட்டையில் உள்ள அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடத்துக்கு அனுப்ப வேண்டும். 14 நாளில் அறிக்கை வர வேண்டும் என்பது சட்டம். அரிசிக்கும் எண்ணெய்க்கும் இந்த நடைமுறை சரி. ஐஸ்கிரீமோ எடுத்த நிமிடத்திலிருந்து உறைந்த நிலையிலேயே போய்ச் சேர வேண்டும். வழியில் உருகினால் கொழுப்பை அளக்கலாமே தவிர, லிட்டருக்கு எத்தனை கிராம் என்பதையும், கடையில் இருந்தபோது கிருமி எவ்வளவு என்பதையும் நம்பகமாகச் சொல்ல முடியாது. எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அதுவே போதும். தரக்குறைவான பொருளுக்கு 5 லட்சம் ரூபாய் வரையும், தவறான பெயரிட்டு விற்பதற்கு 3 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருந்தும், மாதிரி எடுக்கவே அலுவலர் யோசிக்க வேண்டிய நிலை இருந்தால் அந்தப் பிரிவுகள் ஏட்டில்தான் இருக்கும். உணவுப் பாதுகாப்பு அலுவலர்களுக்கு உறைபதன வசதியுள்ள ஒரு வாகனமும், ஆளுக்கொரு ஊசித் தெர்மாமீட்டரும் வாங்கிக் கொடுப்பது இந்த மாவட்டத்தின் சுற்றுலா வருமானத்துக்கு முன்னால் பெரிய செலவல்ல.

மாவட்ட ஆட்சியர் புதிய சட்டத்துக்குக் காத்திருக்காமல் செய்யக்கூடியவை சில உள்ளன. பெட்டியில் அடைக்காத இனிப்புகளுக்கு எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று கடையில் எழுதி வைக்க வேண்டும் என்ற உத்தரவு 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதே வழியில், அள்ளி விற்கும் ஐஸ்கிரீம் பார்லர்களில் ஒவ்வொரு வகையின் முன்னாலும் ‘பால் ஐஸ்கிரீம்’ என்றோ, ‘தாவர எண்ணெய் கொண்ட ஃப்ரோசன் டெசர்ட்’ என்றோ தமிழில் அட்டை வைக்கும்படி வியாபாரிகள் சங்கங்களை அழைத்துப் பேசலாம். மண்டபங்களுக்கு வரும் டப்பாக்களில் தயாரிப்பாளரின் 14 இலக்க உரிம எண்ணோ பதிவெண்ணோ இல்லையென்றால் இறக்கிவைக்க அனுமதிக்கக் கூடாது என்று மண்டப உரிமையாளர்களுக்கு அறிவுறுத்தலாம். ஃப்ரீசரைக் கொடுத்த நிறுவனமே அதன் வெப்பநிலைக்கும் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். வெளியிலிருந்து படிக்கக்கூடிய தெர்மாமீட்டர் பொருத்துவது, விற்பனைப் பிரதிநிதி சரக்கு இறக்க வரும் ஒவ்வொரு முறையும் அளவைக் குறித்துக் கையெழுத்திடுவது, நீண்ட மின்தடையில் உருகிய சரக்கை நிறுவனமே திரும்ப எடுத்துக்கொள்வது ஆகிய மூன்றும் அந்த எழுத்தில் இருக்க வேண்டும். இரவு மின் கட்டணத்தில் ஒரு பகுதியை நிறுவனம் ஏற்றுக்கொண்டால் ஃப்ரீசரை அணைக்கும் வழக்கம் தானாகவே குறையும் என்பது என் அபிப்பிராயம். நிறுவனங்கள் இதற்கு எளிதில் இணங்காது என்பதும் தெரியும்.

திருவிழாக்களைப் பொறுத்தவரை, மண்டைக்காடு கொடைக்கு முன்னேற்பாட்டுக் கூட்டம் நடத்தும்போதே ஐஸ்கிரீம் வண்டிகளுக்கான தற்காலிகப் பதிவு, ஐஸ் எங்கிருந்து வாங்கப்படுகிறது என்ற ரசீது, கை கழுவத் தண்ணீர் ஆகியவற்றைக் கடை ஒதுக்கீட்டின் நிபந்தனையாகச் சேர்த்துவிட்டால், கூட்டத்துக்கு நடுவே போய்ச் சரக்கைப் பறிமுதல் செய்யும் சங்கடம் அலுவலர்களுக்கும் இராது. ஒவ்வொரு கோடையிலும் சோதனை நடந்ததாகவும், இத்தனை கிலோ அழிக்கப்பட்டதாகவும் செய்தி வருகிறது. எடுத்த மாதிரிகள் எத்தனை, அவற்றில் எத்தனை தேறவில்லை, எந்தக் குறையால் தேறவில்லை, எந்த வழக்கில் மாவட்ட வருவாய் அலுவலர் என்ன அபராதம் விதித்தார் என்ற விவரங்களையும் ஊர்வாரியாக வெளியிட வேண்டும் என்று மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பட்டியல் கிடைத்தால் அதைத் தாங்கள் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் முழுமையாக வெளியிட வேண்டும் என்பதும் என் வேண்டுகோள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பால் பண்ணை ஆய்வக ஊழியர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.